ஆறாத எஞ்சின்

ஹெலன் இறந்துபோன ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி பத்து நிமிடத்துக்கு அவளுடைய சிவப்புக் காரின் எஞ்சின் தொண்ணூறு டிகிரி சூட்டில் இருந்தது. சாவியைத் திருப்பி அணைத்து, கயிறு கட்டி இழுத்து வந்து, கொட்டகையில் நிறுத்தி, அவளை அடக்கம் செய்து, வந்த சனம் கலைந்து, மழை ஓய்ந்து, பனி இறங்கி, புது வருஷம் பிறந்த பிறகும் அது அதே தொண்ணூறில்தான் இருந்தது. பாரமட்டத்து ஆட்கள் இதை வெளியூர்க்காரர்களிடம் சொல்லும்போது குரலை உயர்த்தியதில்லை. செவ்வாயும் வெள்ளியும் குழாயில் தண்ணீர் வரும், ஒன்பதே காலுக்கு பஸ் வரும், ஹெலன் கார் ஆறாது என்று வரிசையாகச் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

பாரமட்டம் நீலகிரியின் ஒரு மடிப்பில், மூன்று பக்கம் தேயிலையும் ஒரு பக்கம் பள்ளத்தாக்குமாக உட்கார்ந்திருக்கிற ஊர். அங்கே தொடங்கி பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிச் சுற்றிக் கணவாய்க்கு ஏறுகிற பழைய மலைச்சாலையில் வருஷத்துக்கு ஒரு தடவை, செப்டம்பரில், கார்ப் பந்தயம் நடக்கும். ஒரு நேரத்தில் ஒரு கார்தான் ஏறும். யாரையும் முந்த வேண்டியதில்லை, கடிகாரத்தை மட்டும் முந்த வேண்டும். ஹெலன் வார நாட்களில் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். பந்தய நாளில் அந்தச் சாலையில் அவளைவிட வேகமாக ஏறியவர்கள் அந்த வட்டாரத்தில் இரண்டே பேர்தான் இருந்தார்கள். அவள் புருஷன் எபநேசர், ஊருக்கு எபி, சாலையோரத்துக் கொட்டகையில் மெக்கானிக் ஷெட் வைத்திருந்தவன், தான் வேகமாக ஓட்டியதே இல்லை. அவன் வேலை காரைச் சூடாக்கிக் கொடுப்பது.

அது சின்ன வேலை இல்லை. ஓர் எஸ்டேட் மேனேஜரின் கோழிக்கூண்டுக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்த இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரைப் புருஷனும் பெண்டாட்டியும் நான்கு வருஷம் உட்கார்ந்து பிரித்து மாட்டி உயிர் கொடுத்திருந்தார்கள். அந்த மாதிரி எஞ்சினில் ஒவ்வொரு பாகமும் மற்றதோடு சரியாகப் பொருந்துவது நன்றாகச் சூடேறிய பிறகுதான் என்று எபி அவளுக்குச் சொல்லியிருந்தான். குளிரில் எண்ணெய் தேன் மாதிரி கெட்டியாகக் கிடக்கும், போக வேண்டிய சந்துக்குப் போய்ச் சேராது. அந்த நேரத்தில் மிதித்தால் இரும்பை இரும்பு தின்னும், பத்து வருஷம் ஓட வேண்டியது ஒரு வருஷத்தில் போய்விடும். அளவுக்கு மேல் சூடானாலும் வண்டி சோர்ந்துபோகும், காற்றுக்குத் தவிக்கிற ஆள் மாதிரி இழுக்கும். நடுவில் ஒரு சூடு இருக்கிறது, தண்ணீர் தொண்ணூறு, எண்ணெய் எண்பது, அதில் மட்டும்தான் அது தன் முழு பலத்தையும் கொடுக்கும். நின்ற இடத்திலேயே உறும விட்டால் தண்ணீர்தான் சீக்கிரம் சூடாகும், எண்ணெய் பின்தங்கிவிடும் என்பதால், பந்தயத்தன்று விடிந்ததும் எபி காரை எடுத்து, சுற்று காட்டும் முள்ளை மூவாயிரத்துக்கு மேல் ஏற விடாமல், தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டு நடக்கிறவன் மாதிரி, அந்தப் பதினான்கு வளைவுகளிலும் மெல்ல ஏறி மெல்ல இறங்கிக் கொண்டுவந்து நிறுத்துவான். அந்தச் சாலையின் ஒவ்வொரு கல்லும் அவனுக்கு மெதுவான வேகத்தில் தெரியும். அவளுக்கு அதே கற்கள் அதிவேகத்தில் தெரியும். இரண்டு பேரும் ஒரே சாலையைப் பற்றிப் பேசுகிறார்களா என்று கேட்பவர்களுக்குச் சந்தேகம் வரும்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் கொண்டுவந்து நிறுத்தினான். கீழே, பந்தயம் தொடங்குகிற பாலத்தடியில் பனிமூட்டம். அவர்கள் முறை வரத் தாமதமாகி எண்ணெய் கொஞ்சம் இறங்கியிருந்தது. எபி காருக்குள் குனிந்து மீட்டரைப் பார்த்துக்கொண்டு எஞ்சினை ஓட விட்டான். ஹெலன் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி கதவோரம் நின்றாள். எண்ணெய் முள் எண்பதைத் தொட்டதும் "ஏறு ஹெலன்" என்று சொல்லித் திரும்பியபோது அவள் தரையில் கிடந்தாள், ஹெல்மெட் உருண்டு பாலத்துச் சுவரோரம் போயிருந்தது. யாரோ கை நீட்டி எஞ்சினை அணைத்தார்கள். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டும் முன்பே அவள் போய்விட்டாள். மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். அவளுக்கு வயது முப்பத்தாறு.

நான்காம் நாள், காரை இழுத்துவந்த லாரிக்காரர் துக்கம் கேட்க வந்துவிட்டு, போகிற போக்கில், "எபி, அன்னிக்குச் சாயங்காலம் கொண்டாந்து விட்டப்ப எஞ்சின் சுட்டுச்சு. இப்பத் தொட்டுப் பார்த்தேன், இன்னும் சுடுது," என்றார். எபி எழுந்து போய்ப் பார்த்தான். அந்தக் காரில் இருந்தது பழைய காலத்து மீட்டர், மின்சாரம் இல்லாமலே சூட்டைக் காட்டும். சாவி அவன் சட்டைப் பையில் இருந்தது. முள் தொண்ணூறில் இருந்தது.

தண்ணீரை வடித்துப் பார்த்தார்கள். குழாய்த் தண்ணீரை ஊற்றினால் கால் மணி நேரத்தில் அதுவும் தொண்ணூறுக்கு வந்தது. பாட்டரியைக் கழற்றி வைத்தார்கள், மாற்றமில்லை. கோயம்புத்தூரிலிருந்து ஒரு பேராசிரியர் இரண்டு பெட்டி நிறையக் கருவிகளோடு வந்து, இரண்டு நாள் தங்கி, நிறைய எழுதி, நிறைய டீ குடித்து, "இதுக்கு ஒரு காரணம் கண்டிப்பா இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஊரில் அதை யாரும் மறுக்கவில்லை. காரணம் இருந்துவிட்டுப் போகட்டும், அது அதன் வேலையைப் பார்க்கும் என்று விட்டுவிட்டார்கள்.

முதலில் அதற்குப் பயன் கண்டுபிடித்தவர் காதர் பாய். பக்கத்துச் சந்தில் அவருக்கும் அவர் மனைவி மும்தாஜுக்கும் பேக்கரி. அடுக்கடுக்காக மொறுமொறுக்கிற வர்க்கிக்கு அந்த ஊரில் அவர்கள் கைதான். அக்டோபர் மழையில் ஊரெல்லாம் ஈரமாகி, மாவு பொங்காமல் கல்லாகக் கிடந்த ஒரு காலையில், அவர் மாவுத் தூக்குவாளியைத் துணியால் சுற்றிக் கொண்டுவந்து, கொட்டகை வாசலில் நின்று, "எபி, கோச்சுக்காதே, ஒரு ஓரமா வச்சுக்கட்டுமா?" என்றார். எபி மீட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர் பானெட்டின் மேல் ஒரு கம்பளியை விரித்துத் தூக்கை வைத்தார். இரண்டு மணி நேரத்தில் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு எழுந்தது.

அதன் பிறகு ஊர் வரத் தொடங்கியது, மழையில் சிட்டுக்குருவி தாழ்வாரத்துக்கு வருவது மாதிரி, ஒவ்வொருவராக, ஓசையில்லாமல். குழந்தை பெற்ற வீடுகளிலிருந்து காயாத துணிகள் வந்தன. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் காலுறைகள் ஜோடி ஜோடியாகக் கதவு விளிம்பில் தொங்கின. கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் ஆறரை மணிக்குக் கூடையோடு உள்ளே நுழைந்து, விரல்கள் மடங்கி நீளும் வரை பானெட்டில் கை வைத்திருந்துவிட்டுப் போனார்கள். மூட்டுவலிக்காரர்கள் முட்டியைப் பம்பரில் சாய்த்து நின்றார்கள். ஏழாம் மாதத்தில் பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து ஒன்றரைக் கிலோவில் வீட்டுக்கு வந்த ஒரு பெண் குழந்தை, மின்சாரம் இல்லாத பதினொரு பகல்களை ஹெலனின் சீட்டில் கழித்து இரண்டு கிலோவாகிப் போனது. யாரும் சட்டம் போடாமலே அங்கே சில மரியாதைகள் ஏற்பட்டன. கொட்டகைக்குள் சத்தம் போடக் கூடாது. ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. ஈரத் துணியை அவள் சீட்டில் போடக் கூடாது. கிளம்பும்போது மீட்டரைப் பார்த்து "தொண்ணூறு" என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வெளியே யாராவது எதிர்ப்பட்டு "ஹெலன் டீச்சர் எப்படி?" என்று கேட்டால், "தொண்ணூறு" என்று பதில் வரும். கேட்டவர்களுக்கு அது போதுமாக இருந்தது. இப்படியே நாள் போகப் போக, அவள் செத்துப்போனாள் என்கிற வார்த்தை அந்த ஊரில் புழங்காமலே நின்றுபோயிற்று. சூடாக இருக்கிற ஒன்றைப் பற்றி அப்படிப் பேச யாருக்கும் நாக்கு வரவில்லை.

எபி மட்டும் அந்த பானெட்டைத் தொடவில்லை. அவன் விரல்கள் குளிரில் வெடித்துக் கிடந்தன, ஊரே குளிர் காய்கிற நெருப்பு அவன் வீட்டில் இருந்தது, அவன் அதிலிருந்து நான்கடி தள்ளி ஒரு டயரின் மேல் உட்கார்ந்து மீட்டரையே பார்த்துக்கொண்டிருப்பான். மற்றவர்களுக்கு அது கதகதப்பு. அவனுக்கு அது தயாராக நிற்கிற எஞ்சின். எண்ணெய் எண்பதில், தண்ணீர் தொண்ணூறில், ஓட்டுகிறவள் ஏறி உட்கார வேண்டியதுதான் பாக்கி என்று அது ஒவ்வொரு காலையும் அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தது. அவன் வாரம் ஒரு முறை பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்றி மாட்டினான், டயரில் காற்றுப் பார்த்தான். எதற்கு என்று கேட்டிருந்தால் அவனால் சொல்லியிருக்க முடியாது. நவம்பரில் ஒரு பந்தயக் குழுவின் ஆள் காரில் வந்து இறங்கி, "சார், நாங்கெல்லாம் ஸ்டார்ட் லைன்ல சூடு பத்தாமத்தான் முதல் ரெண்டு வளைவுல செகண்டை விடுறோம். இது எப்பவும் சூட்டுலயே இருக்குன்னா, இதை அடிக்க ஒரு வண்டி கிடையாது. ஓட்டக் கொடுங்க," என்று நயமாகக் கேட்டான்.

"ஓட்டுறவங்க இருக்காங்க," என்றான் எபி.

வந்தவன் சுற்றுமுற்றும் பார்த்தான். துணி மடித்துக்கொண்டிருந்த பெண்கள் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் போய்விட்டான்.

ஜனவரி கடைசியில் அந்த வருஷத்தின் கடும் உறைபனி விழுந்தது. புல்லெல்லாம் உப்புக் கொட்டியது போல வெளுத்து, தேயிலை நுனிகள் கருகி, குழாய்களில் தண்ணீர் கட்டியாகி, நிறுத்தியிருந்த ஜீப்புகளின் கண்ணாடிகளில் பனி ஓடாகப் படிந்திருந்த ஒரு காலை, ஏழு மணிக்கு, காதர் பாய் வழக்கம் போல மாவுத் தூக்கோடு கொட்டகைக்கு வந்தார். வந்தவர் கம்பளியை விரிக்கவில்லை. தூக்கைப் பானெட்டில் வைக்கப் போய், பானெட்டுக்கு ஒரு முழம் இந்தப் பக்கம், காற்றில் வைத்தார். அது விழுந்து மாவு தரையில் பரவியது. அவர் அதைப் பார்த்துச் சிரித்தார்.

எபி ஐந்து மாதமாக மனித முகம் எதையும் நிமிர்ந்து பார்த்ததில்லை. தூக்கு விழுந்த சத்தத்தில் நிமிர்ந்தவன் அந்தச் சிரிப்பைப் பார்த்தான். சிரிப்பு ஒரு பக்கம்தான் இருந்தது. மறு பக்கம் உதடு தொங்கியது.

"பாய்," என்று எழுந்தான். "கையைத் தூக்குங்க. ரெண்டு கையும்."

இடது கை எழுந்தது. வலது கை எழவில்லை. "மாவு... மாவு..." என்றார் காதர் பாய். அதற்கு மேல் வார்த்தை குழைந்தது.

மும்தாஜ் ஓடிவந்தார். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார்கள். அது மேலே நகரத்திலிருந்து இறங்கி வர வேண்டும், சாலையில் உறைபனி, ஒன்றே கால் மணி நேரமாவது ஆகும், திரும்பிப் போக அதே அளவு என்று சொன்னார்கள். இந்த மாதிரிப் பக்கவாதத்துக்கு நேரம்தான் மருந்து, சீக்கிரம் கொண்டுவாருங்கள் என்றும் சொன்னார்கள். ஒருவர் ஜீப்பைக் கிளப்பப் போனார். அது இருமியது, புகைந்தது, நின்றது. இன்னொருவர் தன் காரின் கண்ணாடியில் வெந்நீர் ஊற்றப் போய்க் கண்ணாடி குறுக்கே விரிசல் விட்டது. அந்த ஊரில் அந்த நேரத்தில் எண்ணெய் உருகிய நிலையில் ஒரே ஒரு எஞ்சின்தான் இருந்தது.

எல்லோரும் அதைப் பார்த்தார்கள், பிறகு எபியைப் பார்த்தார்கள். மும்தாஜ், "தம்பி, ரெண்டு சீட்டு இருக்குல்ல?" என்றார்.

எபி கதவில் தொங்கிய காலுறைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு பெண்ணின் கையில் கொடுத்தான். காதர் பாயை இரண்டு பேர் தூக்கிப் பக்கத்துச் சீட்டில் வைத்துச் சீட் பட்டையை இறுக்கினார்கள். எபி சுற்றி வந்து ஹெலனின் சீட்டில் உட்கார்ந்தான். கண்ணாடியும் சீட்டும் அவள் உயரத்துக்கு இருந்தன, அவன் மாற்றவில்லை. முட்டி ஸ்டியரிங்கில் இடித்தது. சாவியைத் திருப்பினான். ஐந்து மாதம் உறங்காமல் காத்திருந்தது போல அது முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. மாவை மிதித்துக்கொண்டு வெளியே வந்தான்.

எஞ்சின் சூட்டில் இருந்தது, ஆனால் டயர் குளிரில் இருந்தது. அது அவனுக்குத் தெரியும், குளிர்ந்த ரப்பர் பனியில் சோப்பு மாதிரி வழுக்கும். முதல் இரண்டு வளைவுகளை அவன் பல்லைக் கடித்துக்கொண்டு தன் பழைய வேகத்தில் ஏறினான், இப்படியும் அப்படியும் வண்டியை லேசாக வளைத்து டயரைத் தரையில் உரச விட்டான். மூன்றாவது வளைவில் ரப்பர் தரையைப் பிடிப்பது அவன் இடுப்புக்குத் தெரிந்தது. அங்கே அவன், தன் நாற்பத்திரண்டு வயதில் முதன்முறையாக, மிதித்தான்.

அது அவன் அறியாத சாலையாக இருந்தது. அவன் எண்ணி வைத்திருந்த கற்களெல்லாம் ஒரு கோடாக ஓடின. மரங்கள் சேர்ந்து சுவராயின. வளைவு வரும் முன்பே வளைவை நினைக்க வேண்டியிருந்தது. ஹெலன் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்த சாலை இதுதான், ஆறாவது வளைவில் உள்பக்கம் ஒட்டணும் எபி, ஒன்பதாவதில் சுவரைப் பார்க்காதே வானத்தைப் பார், பதினொண்ணில் பொறு, பொறு, இப்போ. சமையல் செய்யும்போதும் துணி மடிக்கும்போதும் அவள் சொன்னவை, அவன் பாதிக் காதில் கேட்டவை, ஒவ்வொன்றும் அதனதன் வளைவில் அவனுக்காக நின்றிருந்தன. அவன் பொறுத்தான், மிதித்தான், திருப்பினான். பக்கத்தில் காதர் பாய் குழைந்த வாயால் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். பந்தயம் முடிகிற வெள்ளைக் கோடு கணவாயில், தார் மேல் பாதி அழிந்து கிடந்தது. அதைத் தாண்டியது எபிக்குத் தெரியாது. அவன் அப்போது பாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாய், கண்ணை மூடாதீங்க. என்னைப் பாருங்க. பேசுங்க. வர்க்கிக்கு எத்தனை மடிப்பு?"

"ஒ... ஒம்... பது."

"மறுபடி சொல்லுங்க."

"ஒம்... பது டா."

கணவாய்க்கு அப்பால் இருபது கிலோமீட்டர். அதையும் ஓட்டி, ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை ஏற்றி நிறுத்தி, சாவியைப் பட்டென்று திருப்பி அணைத்தான். இப்படிப் பாய்ந்து வந்த எஞ்சினை நிதானமாகக் கொஞ்சம் ஓட விட்டுத்தான் அணைக்க வேண்டும். அவன் தொழிலில் அதைச் செய்யாதது அதுவே முதல் தடவை. மொத்தம் முப்பத்தெட்டு நிமிடம். தலையைப் படம் எடுத்தார்கள், ஊசி போட்டார்கள். ஒரு இளம் டாக்டரம்மா வெளியே வந்து, "சரியான நேரத்துக்குக் கொண்டாந்துட்டீங்க. ஒரு மணி நேரம் தள்ளியிருந்தா நான் இப்படிப் பேசிட்டு இருக்க மாட்டேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

எபி வாசலுக்கு வந்தான். அந்த மலைநகரத்து வெயில் கண்ணாடி மாதிரி இருந்தது, வெளிச்சம் உண்டு, சூடு இல்லை. காரின் அடியிலிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது. டிக். கொஞ்சம் விட்டு, டிக். முதலில் அவனுக்கு அது என்ன என்று விளங்கவில்லை. தினமும் நூறு வண்டிகளில் கேட்ட சத்தம்தான், இந்த வண்டியில் ஐந்து மாதமாகக் கேட்காத சத்தம். சூடான இரும்பு ஆறும்போது சுருங்குகிற சத்தம்.

அவன் கதவைத் திறந்து மீட்டரைப் பார்த்தான். எண்பத்தாறு. பார்த்துக்கொண்டே இருந்தான். எண்பத்திரண்டு. சாவியைப் போட்டு மறுபடி கிளப்பி விடலாம் என்று கை போனது. போன கை சாவியருகே நின்றது. கிளப்பினால் சூடு வரும், அந்தச் சூடு வேறு சூடு. அது எல்லா வண்டியும் கொடுக்கிற சூடு.

மும்தாஜ் யாருடைய ஜீப்பிலோ ஒரு மணி நேரம் கழித்து வந்து சேர்ந்தார். உள்ளே போய்ப் புருஷனைப் பார்த்துவிட்டு, முக்காட்டைச் சரி செய்தபடி வெளியே வந்தபோது எபி காரின் படியில் உட்கார்ந்திருந்தான். முள் நாற்பதுக்குக் கீழே போயிருந்தது. அவர் எட்டிப் பார்த்தார். ஐந்து மாதமாக ஒவ்வொரு நாளும் "தொண்ணூறு" என்று சொல்லிப் போனவர் அவர். அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அக்கா," என்றான் எபி. "அன்னிக்கு அவ என்கிட்ட சொன்னா."

"என்ன சொன்னா?"

"எபி, தலை ஒரு மாதிரி இருக்குன்னா. நான் எண்ணெய் மீட்டரைப் பார்த்துட்டிருந்தேன். எழுபத்தஞ்சுல நின்னுச்சு. திரும்பிக்கூடப் பார்க்கல. 'இரு, இன்னும் அஞ்சு டிகிரி'ன்னேன். அவ்வளவுதான். அதுக்கப்புறம் நான் திரும்பினப்ப அவ கீழ கெடந்தா. இன்னும் அஞ்சு டிகிரின்னு சொன்னேன்க்கா. அதான் அவ காதுல கடைசியா விழுந்தது."

மும்தாஜ் அவனைப் பார்த்தார். "டாக்டரு என்ன சொன்னாரு?"

"அஞ்சு நிமிஷம் முன்னாடி தெரிஞ்சிருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுன்னாரு."

"நம்புனியா?"

"இல்ல."

"நானா இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்," என்றார் மும்தாஜ். பிறகு அவன் வெடித்த கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "காப்பாத்தியிருக்க மாட்டே தம்பி. அது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். ஆனா திரும்பியிருந்தா அவ மொகத்தைப் பாத்திருப்பே. அது உனக்குக் கெடைக்காமப் போச்சு. அதுக்கு அழு. காப்பாத்தலன்னு அழாதே."

எபி எழுந்து காரின் முன்பக்கம் போனான். இரண்டு உள்ளங்கைகளையும் பானெட்டில் வைத்தான். ஊரில் எல்லோரும் தொட்டு முடித்த பிறகு, கடைசி ஆளாக. உள்ளே எங்கோ ஆழத்தில், போர்வையை விட்டு எழுந்து போனவரின் படுக்கையில் மிச்சம் இருக்குமே, அவ்வளவு சூடு இருந்தது. அவன் குனிந்து கன்னத்தை அதில் வைத்தான். ஆஸ்பத்திரி வாசலில் வந்துபோகிற சனங்கள் பார்த்தார்கள், ஆஸ்பத்திரி என்பதால் விலகிப் போனார்கள். நண்பகலுக்குள் அந்த இரும்பு வாசல் தூணைப் போலக் குளிர்ந்துவிட்டது. அவன் அதுவரைக்கும் கன்னத்தை எடுக்கவில்லை, அழுகையையும் நிறுத்தவில்லை.

அன்று சாயங்காலமே காரை மறுபடி கயிறு கட்டி இழுத்து வந்து கொட்டகையில் நிறுத்தியிருந்தார்கள். மறுநாள் காலை ஆறரை மணிக்குக் கொழுந்து பறிக்கிற பெண்கள் பழக்கத்தில் கொட்டகைக்குள் நுழைந்து பானெட்டில் கை வைத்தார்கள். வைத்த கையைச் சட்டென்று எடுத்தார்கள். ஒருத்தி குனிந்து மீட்டரைப் பார்த்தாள். அதில் சொல்வதற்கு எண் எதுவும் இல்லை, முள் அடியில் கிடந்தது. அவள் கூடையைக் கீழே வைத்துவிட்டு, "ஐயோ, டீச்சர்," என்று ஒரு குரல் எடுத்தாள். அந்தக் குரல் சந்து வழியாக மேலே ஏறி, பேக்கரியைத் தாண்டி, பள்ளிக்கூடம் வரை போனது. செய்தி அன்றுதான் வந்தது போல ஊர் துக்கத்துக்கு வந்தது. ஐந்து மாதம் முன்பு அடக்கத்தில் அழுதவர்களும் வந்தார்கள், அன்று அழாதவர்களும் வந்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டார்கள். ஒன்றரைக் கிலோவில் வந்து பிழைத்த குழந்தையை அதன் தாய் தூக்கிக்கொண்டு வந்து, நடுவில் நின்று, என்ன சொல்வதென்று தெரியாமல் எபியின் மடியில் உட்கார வைத்தாள். பாய் ஆஸ்பத்திரியில் இருக்க, மாவும் பொங்காமல் பேக்கரி மூன்று நாள் மூடிக் கிடந்தது. யாரும் அவனைக் குறை சொல்லவில்லை. குளிர் எல்லார் வீட்டிலும் இருந்தது, அவரவர் போர்வையைத் தேடிக்கொண்டார்கள்.

காதர் பாய் பிப்ரவரி நடுவில் வீடு திரும்பினார். வலது கை விரல்கள் பாதிதான் மடங்கின. வாய் திருந்திவிட்டது.

அவர் வந்த மறுநாள் எபி கல் கொத்துகிற சின்னப்பனைத் தேடிப் போனான். சின்னப்பன் உளியைக் கீழே வைத்து, காதில் சொருகியிருந்த பென்சிலை எடுத்து, ஒரு சிகரெட் அட்டையின் பின்புறத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பேரு?"

"ஹெலன்."

"பிறந்த தேதி?"

எபி சொன்னான்.

சின்னப்பன் எழுதிவிட்டு, தலையைத் தூக்காமல், மெதுவாக, "மறைஞ்ச தேதி?" என்றார்.

எபி எதிரே அடுக்கியிருந்த எழுதாத கற்களைப் பார்த்தான். சின்னப்பன் அவசரப்படுத்தவில்லை, பென்சிலை அட்டையில் ஊன்றியபடி காத்திருந்தார். தெருவில் ஒன்பதே கால் பஸ் வந்து, ஆட்களை இறக்கி, ஏற்றி, போனது. அதன் பிறகு எபி நாளையும் மாதத்தையும் வருஷத்தையும் சொன்னான். ஒவ்வொன்றையும் தனித்தனியாக, தெளிவாகச் சொன்னான்.

அங்கிருந்து அவன் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தான். அடக்கத்துக்குப் பிறகு அங்கே வருவது அதுவே முதல் முறை. மண் மேடு தாழ்ந்து புல் முளைத்திருந்தது, புல்லில் பனி உருகாமல் நின்றது. மலை மறைப்பதால் அந்த மூலைக்கு வெயில் வர நேரமாகும் என்று தோட்டக்காரர் சொன்னார். எபி அவள் தலைமாட்டில் உட்கார்ந்தான்.

"ஹெலன்," என்றான். "சொல்லு. கேட்கிறேன்."

வெயில் மேட்டுக்கு வந்து சேரும் வரை அவன் அவள் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தான்.